உறங்கும் அரசன் கூத்து அரங்கிழந்த காரணம்

கருநீராறு வற்றாதிருக்க, அதன் இரு கரையிலும் நெல் விளைந்து களம் நிறைய, கீழ்க்கரைத் தாழையூரில் வீற்றிருந்து செங்கோல் செலுத்தும் பெருங்கோ இளவெளியனின் திருமுகம். மேல்கரை அகல்குன்ற நாட்டை ஆள்பவரும், இரு நாட்டுக்கும் இடையே தோணித்துறை திறந்த புகழுடையவரும், எம் பெருங்கோவால் தங்கையென்று அன்போடு அழைக்கப்படுபவருமாகிய அரசியார் நன்முல்லையாரின் திருமுன் இது சேர்வதாக. தங்கள் குடியும் குளமும் களஞ்சியமும் நலமென்று அறிந்து மகிழ்ந்தோம். எம் நாட்டிலும் மழை உண்டு, நெல் உண்டு, நோய் இல்லை. கூத்துத்தான் இல்லை.

இவ்வோலை அரங்க அமைச்சர் ஆதன் கீரனார் சொல்லச் சொல்ல, மன்னர் ஆணையால் எழுதப்பட்டது. அமைச்சர் அமர்ந்து சொல்லவில்லை, அறைக்குள் இங்குமங்கும் நடந்துகொண்டே சொன்னார். ஆகையால் சில இடங்களில் வாசகம் திருமுகத்துக்குரிய அமைதியோடு இராவிடில் அரசியார் பொறுத்தருள வேண்டும்.

நிற்க. தாங்கள் விடுத்த ஓலையில், தாழையூர் தொடங்கிக் கடற்கரை வரை எம் நாட்டு அரசு அரங்குகள் அனைத்திலும் இத்தனை காலம் நடந்துவந்த உறங்கும் அரசன் கூத்து ஏன் நின்றது என்று கேட்டிருந்தீர்கள். அக்கூத்தரைத் தங்கள் பிறந்தநாள் விழாவுக்கு அரண்மனைக்கு அனுப்பித் தங்கள் முன்னிலையில் ஆடச் செய்யுமாறும் பணித்திருந்தீர்கள். முன்னதற்கு விடை சொல்லாமல் பின்னதற்கு விடை சொல்ல இயலாது. ஆதலால் ஓலை சற்று நீளும்.

தோணிக்காரர் வாயால் தங்களுக்கு எட்டிய காரணங்களைப் படித்துவிட்டு அமைச்சர் தலையில் அடித்துக்கொண்டார். கூத்தில் வரும் மந்திரிமார் மூடர்களாக இருப்பதால் ஆதன் கீரனாருக்கு ரோஷம் வந்து கூத்தை நிறுத்தினாராம். அரசனைத் தூங்குமூஞ்சியாகக் காட்டியதால் மன்னர் சினந்தாராம். கூத்தர் தங்கக் காப்பு கேட்டு அடம்பிடித்தார்களாம். அத்தனையும் பச்சைப் பொய். அந்தக் கூத்தின் மேல் அமைச்சருக்கு இருந்த பைத்தியம் தலைநகரில் யாருக்குத் தெரியாது? மனைவியார் பிள்ளைவலியில் இருந்த மாலையிலும் மனிதர் அரங்கில்தான் இருந்தார் என்று மாமியார் வீட்டில் இன்றுவரை குத்திக்காட்டுகிறார்கள். அதை மறுக்க அவரால் முடியவில்லை.

தாங்கள் கூத்தைக் கண்டதில்லை ஆதலால் அது இன்னதென்று சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் அரசன் உறங்குகிறான். கதவுக்கு வெளியே மூன்று மந்திரிகள் காவல். மாலைக்கு ஒரு தொல்லை அவர்களுக்கு வந்து சேரும். ஒருநாள் கூரை ஒழுகும். ஒருநாள் ஆடு புகுந்துவிடும். ஒருநாள் மூவருக்கும் தும்மல் வரும். அரசன் விழித்தால் தலை போய்விடும், ஆகவே எதைச் செய்தாலும் ஓசையின்றிச் செய்தாக வேண்டும். இவ்வளவுதான் கூத்து. ஒட்டுமீசை வைத்து மூத்த மந்திரியாக ஆடுபவள் மருதி. கூத்தை ஆக்கியவளும் அவளே, மற்ற இருவரும் அவள் தம்பியர். பிள்ளைகளாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வருகிறார்கள். இத்தனை காலத்தில் அரசன் விழித்ததுமில்லை, கதவு திறந்ததுமில்லை.

வினை பார்ப்பவர்களிடமிருந்து வந்தது. மந்திரிகள் மூச்சுவிடவும் அஞ்சும்போது நாம் மட்டும் கூச்சலிடலாமா என்று எவருக்கோ தோன்றியிருக்கிறது. மேலாடையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, அரசன் விழித்துவிடாதபடி சிரிக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒரு மூலையில் பத்துப்பேர், பிறகு பாதி அரங்கு, பிறகு நாடெங்கும் அதுவே வழக்கமாயிற்று. தோள் குலுங்கும், கண்ணில் நீர் கொட்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள், ஒரு சத்தம் வராது. புதிதாக வந்தவர் எவரேனும் களுக்கென்று சிரித்துவிட்டால் மந்திரிகள் மூவரும் வெலவெலத்துக் கதவைப் பார்ப்பார்கள், பக்கத்திலிருப்பவர் அவர் வாயைப் பொத்துவார். அதைக் கண்டு மற்றவர்களுக்குச் சிரிப்பு இன்னும் பொத்துக்கொண்டு வரும். அடக்கிச் சிரிக்கும் சிரிப்பின் சுகம் வேறெதிலும் இல்லை என்று அமைச்சர் சத்தியம் செய்கிறார்.

எம் நாட்டிலோ நகைக்கூத்துக்கு அரங்கு தருவதும் எடுப்பதும் செவியாளர் சான்றைக் கொண்டே நடக்கும். அவர்கள் அரங்க மதிலுக்கு வெளியே அமர்ந்து, உள்ளே எட்டிப் பாராமல், சிரிப்பைக் காதால் மட்டும் கேட்டுச் சான்று சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் அவர்களை உள்ளே அமர்த்தியபோது கூத்தர் கொடுத்த பணியாரத்தைத் தின்றுவிட்டு இல்லாத சிரிப்பை உண்டென்று சொன்னதால் வந்த சட்டம் இது. இப்போது செவியாளர் தலைவராக இருப்பவர் வேட்டகனார். பணியாரத்துக்கு மயங்காதவர், யாருக்கும் வளையாதவர். அதுதான் தொல்லையாகப் போயிற்று. சென்ற அறுவடைக்குப் பின் எல்லா அரங்குகளிலிருந்தும் சான்று வந்து சேர்ந்தது. கூத்து நடந்தது, சிரிப்புக் கேட்கவில்லை என்று அத்தனையிலும் ஒரே வாசகம்.

ஆதன் கீரனார் அவைக்கு ஓடினார். உள்ளே மக்கள் சிரித்துச் சாகிறார்கள் என்றும், ஓசை வராமல் சிரிக்கிறார்கள் என்றும், ஒரே ஒரு மாலை வேட்டகனார் உள்ளே வந்து கண்ணால் கண்டால் போதும் என்றும் மன்றாடினார். தாம் கேளாத சிரிப்புக்குத் தாம் சான்று சொல்வது தம் பதவிக்கு அடாதென்றும், உள்ளே வந்தால் சட்டம் மீறியவராவார் என்றும் வேட்டகனார் பணிவோடு விடையிறுத்தார். அவையோர் தலையசைத்தார்கள். ஓசை வராத சிரிப்பென்று ஒன்று உண்டா என ஒருவர் ஐயமும் எழுப்பினார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அமைச்சருக்கு.

சரி, கூத்தரிடமே போவோம் என்று மருதியின் வீட்டுக்குப் போனார். அரசன் வேட்டைக்குப் போய்விட்டதாக ஒரு மாலை ஆடுமாறும், அன்று மக்கள் வாய்விட்டுச் சிரிக்கத் தடையிராதென்றும் எடுத்துச் சொன்னார். மருதி மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ராசா வீட்டுல இல்லன்னா மந்திரிங்க எதுக்குய்யா பயப்படணும்? பயம் இல்லன்னா அது என்ன கூத்து? மூணு பேரு ஓட்டை அடைக்கிறதப் பாக்க யாரு வருவா?"

அவள் சொன்னது சரிதான் என்பது அமைச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு பறையறைந்தார். வரும் முழுநிலா நாளில் அனைவரும் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், கூத்து பிழைப்பது உங்கள் கையில் என்று தெருத்தெருவாகச் சொல்லச் செய்தார். மக்களும் ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த மாலை ஆடு கதவைக் கொம்பால் சுரண்டியது. அமைச்சர் எழுந்து நின்று கையை ஆட்டிச் சைகை காட்டினார். அரங்கு முழுவதும் மேலாடை வாய்க்குள் போயிற்று. இப்போதா சிரிப்பது, அரசன் விழித்துக்கொள்ள மாட்டானா என்று பின்வரிசைக் கிழவர் ஒருவர் அவரையே கடிந்துகொண்டார். வெட்கத்தோடு சொல்ல வேண்டியது, அமைச்சரின் வாயிலும் துணி இருந்தது.

அவையோர் அரங்குகளை எடுத்துக் கழுதைக் கூத்துக்குக் கொடுத்தார்கள். அதில் கழுதை சேற்றில் விழும், காது கிழியச் சிரிப்பார்கள். மறுநாளும் விழும். கழுதைக் கூத்தரின் உறவுக்காரர்களே முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்று அமைச்சர் முறையிட்டார். யார் சிரிக்கிறார் என்பது சட்டத்தில் இல்லையென்று விடை வந்தது. உறங்கும் அரசன் கூத்துக்குத் தலைநகரில் கடைசியாக ஒரு மாலை தந்தார்கள்.

அந்த ஒரு மாலையில் எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டுமென்று ஆதன் கீரனார் ஒரு யோசனை செய்தார். மன்னர் கூத்துகளை அரண்மனைக்கு வரவழைத்தே பார்ப்பார், அரங்குக்குப் போவதில்லை. மருதியோ அரண்மனையில் ஆட மறுத்துவந்தவள். ஆதலால் மன்னர் அதுவரை இக்கூத்தைக் கண்டதில்லை. அவரை அரங்குக்கே அழைத்துப்போய்ச் சிரிக்கும் மக்களைக் கண்ணால் காணச் செய்தால், மன்னரின் கண்ணுக்கு எதிராக வேட்டகனாரின் காது நிற்க முடியாது. வழியெல்லாம் அமைச்சர் சொல்லிக்கொண்டே வந்தார், மேடையைப் பார்க்க வேண்டாம், மக்களைப் பாருங்கள், சிரிப்பு வந்தால் துணியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மன்னர் சம்மதித்தார்.

அன்று மந்திரிகளுக்கு வந்த தொல்லை ஒரு கொசு. கொசு கதவில் உட்கார்ந்தது. அடித்தால் ஓசை வரும், விட்டால் உள்ளே போய் அரசனைக் கடிக்கும். மூத்த மந்திரி கொசுவின் முன் மண்டியிட்டுத் தன் கன்னத்தை நீட்டி, இங்கே கடி என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மன்னர் மக்களைப் பார்ப்பதை மறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. துணி வாயில்தான் இருந்தது. கொசு மந்திரியின் மீசையில் வந்து உட்கார்ந்தபோது துணி தெறித்துவிழ, பெருங்கோ இளவெளியன் வாய்விட்டுச் சிரித்தார். ஒருமுறை தொடங்கியதும் அவரால் நிறுத்த முடியவில்லை.

கூத்தர் மூவரும் கதவைப் பார்க்கவில்லை, மன்னரைப் பார்த்தார்கள். மருதி மீசையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடையின் முன்புறம் வந்து விழுந்து வணங்கினாள்.

"சாமி முழிச்சிட்டீங்க. இத்தோட கூத்து முடிஞ்சுது."

மன்னர் பதறி, தாம் ஒன்றும் நினைக்கவில்லை என்றும் தொடர்ந்து ஆடுமாறும் சொன்னார். மறுநாளும் ஆளனுப்பிக் கேட்டார், அரங்குகளைத் தம் ஆணையால் திருப்பித் தருவதாகவும் சொன்னார். கதவுக்குப் பின்னால் உறங்குவது இந்நாட்டு மன்னர்தான் என்று குடிகள் நம்பிப் பார்த்துவந்ததாகவும், அவர் நேரில் வந்து சிரித்துவிட்ட பிறகு உள்ளே அவர் உறங்குவதாக எவரிடம் போய்ச் சொல்வதென்றும், ஆணையிட்டால் ஆடலாம் ஆனால் அது கூத்தாக இராதென்றும் மருதி விடை அனுப்பினாள். மன்னர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

அந்தக் கடைசி மாலைக்கு வேட்டகனார் அனுப்பிய சான்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அமைச்சர் பிடிவாதம் பிடிக்கிறார். கூத்து நடந்தது, ஒருவர் சிரித்தார் என்று அதில் இருந்தது. முன்னேற்றம் தெரிவதாக அவையில் ஒருவர் பாராட்டினாராம்.

அரசியாரே, காரணம் இதுதான். இனித் தாங்கள் பணித்ததற்கு விடை. மருதியும் தம்பியரும் கதவைத் தோணியில் ஏற்றிக் கீழ்க்கரைத் துறையில் காத்திருக்கிறார்கள். தங்கள் நாட்டில் செவியாளர் இல்லை, தங்கள் குடிகள் இக்கூத்தை நன்கு அறிந்தவர்கள், ஆற்றைக் கடந்து வந்து பார்த்தவர்கள். அரங்கு கொடுத்தால் கூத்து அங்கே பிழைக்கும், கொடாவிடில் அது இந்தத் துறையோடு முடியும். ஆனால் மேல்கரையில் ஆடும்போது கதவுக்குப் பின்னால் உறங்கப்போவது தாங்கள். ஆகவே அரண்மனையில் ஆடுவதற்கில்லை. அரங்குக்குத் தாங்கள் வருவதற்கும் இல்லை, மாறுவேடத்திலும் கூடாது. மன்னர் எவ்வளவு அடக்கமானவர் என்பது தாங்கள் அறிந்ததே, அவராலேயே முடியவில்லை. தங்கள் பிறந்தநாளுக்குத் தாங்கள் விரும்பிக் கேட்ட ஒன்றை, தங்கள் நாட்டில் தங்களைத் தவிர எல்லோரும் பார்க்கும்படி தாங்களே கொடுக்க வேண்டுமென்று கேட்கிறோம். இப்படிக் கேட்பது முறையா என்று அமைச்சருக்குத் தெரியவில்லை. வேறு வழி இருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

இசைவாயின் தங்கள் முத்திரையிட்ட ஓலை நறுக்கு ஒன்றைத் தோணித்துறைக் காவலரிடம் சேர்ப்பிக்க. அது கண்டதும் தோணியை விடுமாறு எம் துறைக்காவலர்க்கு இதனால் ஆணையிடப்பட்டது. ஆற்றில் நீர் ஓடும் வரை இரு நாட்டு நட்பும் ஓடுக. பெருங்கோ இளவெளியனின் தாழை முத்திரை இட்டது. அரங்க அமைச்சர் ஆதன் கீரனார் ஒப்பு.

முத்திரைக்குக் கீழே மன்னர் தம் கையால் கீறியது:

தங்கையே, நான் பார்த்தது ஒரு மாலை. என் ஊருக்கு அதுவே கடைசி மாலையாகப் போயிற்று. கூத்தை வாங்கிக்கொள். நீ போகாதே.