நீந்தத் தெரிந்தவள்

ஞாயிறு. ஐப்பசி மழை விடவில்லை.

கூத்தாநல்லூரில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் இன்று வாசகர் வட்டக் கூட்டம். எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாவல். காதலனைப் பார்க்க ஒரு பெண் வெள்ளத்தில் குதிக்கிறாள். அவள் கண்ணையும் துடுக்கையும் நீச்சலையும் பக்கம் பக்கமாக வர்ணித்த ஆசிரியர், கடைசியில் அவளை மூழ்கடித்துவிடுகிறார். அதைப் படித்துக் காட்டிய கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னா மனசு அந்தப் பொண்ணுக்கு!"

அவர் மகள் என் மாணவி. தனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்ததும், நிக்காஹுக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று தனியாக பஸ் ஏறி அவன் ஊரான கீழ்வேளூருக்குப் போனாள். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார்தான் வர வேண்டும் என்பது வழக்கம். இவள் போனதில் சம்பந்தம் முறிந்தது. மறுநாளே அவளைக் கல்லூரியை விட்டு நிறுத்திவிட்டார்.

கதையில் வரும் பெண்ணுக்காக அழுகிறவர் சொந்த மகளை ஏன் நிறுத்தினார் என்று, கூட்டம் முடிந்ததும் அவரிடமே கேட்டேன்.

"அது கதைங்க மேடம்" என்று சிரித்தார்.

உள்ளே போனேன். திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த மகள் டீயை நீட்டினாள்.

"அந்தப் பொண்ணு நல்லா நீந்துவான்னுதானே மொதல்ல எழுதியிருக்காரு. அப்பறம் அவள முக்குனது யாரு மேடம்?"