வேப்பிலை கட்டிய பதினோரு நாள்

நெட்டுக்குப்பம்
3.3.2024

அன்புள்ள மலருக்கு,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் கன்னம் இரண்டும் சிவந்து காய்ச்சலும் அடித்ததும் அம்மை என்றே நினைத்தேன். வாசலில் வேப்பிலை கட்டினேன், மீன் சட்டியை ஏற்றவில்லை. அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது, நீ தினமும் போடுவது மூட்டுவலி மாத்திரைதானே என்று அதையும் ஒளித்து வைத்தேன். "இது அம்மை இல்ல அண்ணி" என்று நீ அழுதாய். "கம்முனு பட்துக்கினு இரு, ஆத்தா கோச்சுக்குவா" என்று அடக்கியவள் நான்தான்.

பதினோராம் நாள் உன் கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிட்னி என்றார்கள். என் தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

அது என்ன வியாதி? அம்மா வீட்டிலிருந்து திரும்பி வருவாயா, மாட்டாயா?

உன் நாத்தனார்
புஷ்பவல்லி


கொருக்குப்பேட்டை
10.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

அதன் பெயர் லூபஸ். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் என் உடம்பையே அடிக்கிறது. ஒரு நாள் மூட்டு, ஒரு நாள் கன்னம், இப்போது கிட்னி. யாருக்கும் ஒட்டாது. முழுசாகப் போகவும் போகாது. மாத்திரையால் அடக்கி வைக்கலாம், திடீரென்று நிறுத்தக் கூடாது. இதை முன்பே சொல்லாதது என் தப்பு. கிட்னி இப்போது தேறி வருகிறது.

கோபம் இருக்கிறது. பதினோரு நாளும் வியாபாரத்தை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்களே, அதுவும் மறக்கவில்லை. ஏலத்தில் ஆம்பளைகளை அதட்டி மீன் எடுக்கும் உங்களைப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். ஆனால் எனக்கு இனி வெயில் ஆகாது. வீட்டில் சும்மா குந்தியிருக்கவும் வராது. வந்து என்ன செய்வேன்?

மலர்


நெட்டுக்குப்பம்
16.3.2024

மலரு,

மூன்று முறை படித்தேன். இத்தனை வலியோடா என்னோடு கூடை தூக்கினாய்? எனக்குத் தலைவலி என்றால் குப்பத்துக்கே தெரியும். உன் தைரியம் எனக்கு வராதடி.

மார்க்கெட் வாசலில் இருபது வருஷமாக இருந்த என் இடத்தை, உள்ளே மீன் விற்கும் ரமாபாயிடம் கொடுத்துவிட்டு, கூரைக்குக் கீழே இருந்த அவள் இடத்தை வாங்கிக்கொண்டேன். "இன்னா புஷ்பா, வாசலாண்ட இருந்தாதான யாவாரம்?" என்றாள். "எந்தம்பி பொண்டாட்டிக்கு நெழலு வோணும்" என்றேன்.

புஷ்பவல்லி


கொருக்குப்பேட்டை
20.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன்.

மாத்திரை டப்பாவை உங்களிடம்தான் கொடுக்கப் போகிறேன். காலையும் மாலையும் நீங்கள்தான் எடுத்துத் தரவேண்டும். மறந்தால், உங்கள் தம்பி மாதிரி சும்மா இருக்க மாட்டேன். திட்டுவேன்.

உங்கள் மலர்