உப்புப் பார்க்கிற நாக்கு

22.5.96 புதன்
அக்னி நட்சத்திரம் இன்னும் முடிந்தபாடில்லை. கா. 7 மணிக்கே முதுகு எரிகிறது. நாளை வண்ணார்பேட்டைக் கல்யாணம், 600 இலை. வாங்க: வாழைக்காய், து.பருப்பு, பெருங்காயம், தைலம் (எனக்கு).

மூன்று நாளாக ஜலதோஷம். நாக்கில் ஒரு ருசியும் நிற்கவில்லை. தலைமைச் சமையல்காரனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா? உப்புப் பார்க்கும் பொறுப்பு நாளைக்குச் சங்கரனுக்கு. தங்கை கோமதியின் புருஷன், பதினொரு வருஷமாக என்னோடு அடுப்படியில் நிற்பவன். அவனுக்கு ஒரே பூரிப்பு. "மச்சான், நெசமாத்தான் சொல்லுதியளா?" இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

என் அடுப்படிச் சட்டம் அவனுக்குத் தெரியும். உப்புப் பார்க்கிறவன் முதல் பந்தி போகிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. தண்ணீர் பட்ட நாக்கு பொய் சொல்லும். முப்பது வருஷமாக நான் அப்படித்தான்.

23 வியாழன்
எழுதக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி.

மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரே ஜன்னல். அதையும் வாழைத்தார் அடைத்திருந்தது. ஏழு அடுப்பு, எல்லாம் விறகு.

8 மணி. "மச்சான், ஒரு மொடக்கு குடிச்சுக்கிடுதேன்."

"பந்தி போவட்டும்வே. உப்ப யாரு பாப்பா?"

9 மணி. தலை வலிக்கிறது என்றான். ஈரத்துண்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

10க்குக் கொஞ்சம் முன்னால். "வேர்வையே நின்னுட்டு மச்சான்."

"குடுத்து வச்ச ஆளுவே!" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

பத்து நிமிஷத்தில் சாம்பார் அண்டா பக்கத்தில் சரிந்தான். அண்டாவுக்குள் விழாதது தெய்வச் செயல். உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. ஏதேதோ உளறினான். என்னைத் தெரியவில்லை அவனுக்கு. இரண்டு பேரைக் கூட அனுப்பி ஆட்டோவில் ஆஸ்பத்திரி.

நான் போகவில்லை. பந்தியைப் பார்த்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

பெண்ணின் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "சாம்பார்ல உப்பு தராசுல நிறுத்தது மாதிரி, அண்ணாச்சி!" காது கூசியது.

24 வெள்ளி
ஆஸ்பத்திரி. சங்கரனுக்கு நினைவு இல்லை. வெயிலில் வேர்ப்பது நின்றால் உயிருக்கே ஆபத்து என்று அர்த்தமாம், டாக்டர் சொன்னார். சிறுநீரகமும் கெட்டிருக்கிறது. "தண்ணியே குடிக்காமலா நின்னாரு?" என்று கேட்டார். கோமதி என்னைப் பார்த்தாள். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன்.



26 ஞாயிறு
கண் திறந்தான். முதல் பேச்சே கோமதியிடம்: "மச்சான் குடி குடின்னுதான் சொன்னாவ. நாந்தான் கேக்கல."

பொய். எனக்காகச் சொன்ன பொய். அந்த நிமிஷமே மறுத்திருக்க வேண்டும். கோமதி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேலை கெடக்கு" என்று கிளம்பிவிட்டேன். என்ன வேலை? பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெட்கம்.

28 செவ்வாய்
ஜலதோஷம் விட்டது. பாளையங்கோட்டையில் நிச்சயதார்த்தம், 40 பேர்தான். வேண்டுமென்றே இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு ரசத்தை நாக்கில் விட்டேன். உப்பு ஒரு சிட்டிகை குறைவு. நன்றாகவே தெரிந்தது.

மறுபடி குடித்தேன். மறுபடி பார்த்தேன். தெரிந்தது.

முப்பது வருஷம் ஒருதரம்கூட இப்படிச் செய்து பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

அடுப்படிக்குள்ளேயே குடம் வைத்தாயிற்று. எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சீனி. அரை மணிக்கு ஒரு செம்பு. குடிக்காதவன் கரண்டியைத் தொடக் கூடாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

2.6.96 ஞாயிறு
உயிருக்குப் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அடுப்புப் பக்கமே போகக் கூடாதாம். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

பாபநாசம் பஸ் பிடித்துக் கல்லிடைக்குறிச்சி, கோமதி வீட்டுக்கு. நல்ல உச்சிவெயில். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: "கோமதி, நாந்தான் குடிக்க விடல." நாலே வார்த்தை.

சங்கரன் தூங்கிக்கொண்டிருந்தான். பாதி ஆளாகிவிட்டான். கோமதி அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு எடுத்திருக்கிறாளாம். "கோமதி," என்றேன். அவள் எழுந்து உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"மொதல்ல இதக் குடியுங்கண்ணே. நீங்க அம்புட்டுச் சொல்லியும் அவிய கேக்கல. நீங்களாவது நாஞ் சொன்னாக் கேளுங்க."

வாங்கிக் குடித்தேன்.