ஆயுள் பாஸ்

12-7-1982, திங்கள், இரவு

இரண்டு பஸ்களை விற்றுவிட்டு எங்களில் ஆறு பேரை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியபோது, முதலாளி ஆளுக்கொரு பாஸ் கொடுத்தார். மிச்சமிருக்கிற பஸ்ஸில் ஆயுள் முழுக்க இலவசமாகப் போகலாமாம். வேலையில்லாதவன் எங்கே போவான்?

இன்று போனேன், கீழ்பென்னாத்தூர் அரிசி மில்லில் வேலை கேட்க. இத்தனை வருஷம் நான் கண்டக்டராக நின்ற அதே பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தேன். இப்போது அதில் கண்டக்டர் முதலாளியின் மச்சான் மகன். வழியில் யாரோ கடலை மூட்டை ஏற்ற, அவனும் கீழே இறங்கினான். மூட்டை மேலே ஏறியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரைட், போலாம்!"

பஸ் கிளம்பிவிட்டது. மச்சான் மகன் ரோட்டிலேயே நின்றான். அடுத்த ஸ்டாப்பில்தான் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது.

"இன்னாண்ணே, உங்க கொரலு கேட்டதும் காலு தானா அமுக்கிடுச்சு," என்றான் டிரைவர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மில்லில் ஆள் வேண்டாம் என்றார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் முதலாளி காத்திருந்தார். "இன்னும் கண்டக்டர்னு நெனப்பாய்யா உனக்கு?" என்று பாஸைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆயுள் முழுக்க என்றாரே. என் ஆயுளா, பாஸின் ஆயுளா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.