பெட்போர்டின் வலப்பக்க ஆசனம்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

உங்கள் பேரைச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? அதனால் கூப்பிட்ட மாதிரியே தொடங்குகிறேன். இதை எங்கள் கோயிலின் பங்கு மலரில் போடும்படி பாதரிடம் கேட்டிருக்கிறேன். தெரிந்த சனமெல்லாம் வாசிக்கும். வாசிக்கட்டும்.

முதலில் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை நான் லொறி ஓட்டினேன். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று தெரியும். மற்ற எல்லாரும் சிரிப்பார்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த பனிக்காலம் நீண்டுகொண்டே போனது. மத்தியானங்களில் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிடுவேன். மொன்ட்ரியாலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீதிக்குப் பனி தள்ளும் வாகனம் வரும்போது அந்தக் கனத்த இரைச்சல் கனவுக்குள் புகுந்துவிடும். கனவில் அது உங்கள் பெட்போர்ட் லொறி. நான் எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்த பிறகுதான் இது எந்த நாடு என்று விளங்கும். கேத்தல் கொதிக்கும். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்படி எத்தனை நாள் என்று எண்ணவில்லை.

எங்கள் மகன் அன்ரன் இதைக் கண்டுவிட்டான். வெயில் வந்ததும், "அம்மா, நீங்கள் வெளியில வரவேணும். பழைய வாகனங்கள் காட்டுகினம், வாங்கோ," என்று இழுத்துக்கொண்டு போனான். மொன்ட்ரியால் தீவுக்கு மேற்கே, ஆற்றோரத்தில் ஒரு பெரிய புல்வெளி. சிவப்பும் வெள்ளையுமாக நீளமான அமெரிக்கக் கார்கள். சனம் ஐஸ்கிரீமோடு நடந்து திரிந்தது. எனக்கு எல்லாம் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல இருந்தது.

அந்த வரிசையின் கடைசியில் அது நின்றது. உருண்டை மூக்கு. இரண்டு பக்கமும் பிதுங்கிய மட்காட். பச்சை நிறம். உங்களுடையது நீலம், அது ஒன்றுதான் வித்தியாசம். ஸ்ரேறிங் எங்கள் ஊர் மாதிரி வலப்பக்கத்தில்.

நான் போய் மட்காட்டில் கை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த அந்த மணம் வந்தது. உங்கள் சட்டையைத் தோய்க்கும்போது வந்த மணம் இதுதான் என்று அன்ரனுக்கு எப்படிச் சொல்வது?

ஊரில் லொறி ஓட்டிய உங்கள் மூன்று பேரையும் நினைத்தேன். நீங்கள் பெட்போர்ட், பாவிலு அண்ணை ஓஸ்ரின், சிவராசா அண்ணை கொமர். மன்னாரிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராகப் போவீர்கள். சந்தியில் திரும்பும் சத்தத்தை வைத்தே எது யாருடைய லொறி என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்லிவிடுவேன். மழை வந்தால் வைப்பர் வேலை செய்யாது. தண்ணீர் வழிந்தோடக் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துவிட்டு ஓடுவீர்கள். சிவராசா அண்ணை தன் லொறியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்தோனியாரையும் ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "தங்கச்சி, ரெண்டு பேரில ஒராள் நித்திரை கொண்டாலும் மற்றவர் முழிச்சிருப்பார்," என்றார். அவர் இப்போது எங்கே இருக்கிறார்? நீங்கள் இருக்கும் இடத்திலா? கண்டால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எனக்கு நீங்கள் ஓட்டப் பழக்கியது விளையாட்டாகத்தான். கலியாணம் முடிந்த புதிதில், தண்ணீர் வற்றிய குளத்துக்குள் கொண்டுபோய் இறக்கி, "ரெண்டு தரம் கிளச்சை மிதியும். நடுவில ஒருக்கா விடும். அவசரப்பட்டால் கியர் கத்தும்," என்றீர்கள். எனக்குக் கத்தவில்லை. உங்களுக்குத்தான் மூன்றாவது கியர் எப்போதும் கத்தும். உங்களுக்கு அதில் சின்னக் கோபம்கூட வந்தது. பிறகு சிரித்துவிட்டு, "ஆருக்கும் சொல்லாதையும், சனம் என்னைப் பகிடி பண்ணும்," என்றீர்கள்.

இனி எழுதப்போவதைத்தான் இவ்வளவு காலமும் எழுதவில்லை.

அந்தக் காலைப்பொழுது உங்களுக்கு நினைவிருக்கும். ஷெல் விழத் தொடங்கியிருந்தது. புதிய லொறிகளெல்லாம் டீசலில்லாமல் நின்றுவிட்டன. பெட்போர்ட் மட்டும்தான், துளிப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் இருமி இருமி ஓடும். கோயிலடியில் நாற்பது பேருக்குக் கிட்ட நின்றார்கள். பாவிலு அண்ணைக்கு வலது கையில் காயம், பெரிய கட்டு. உங்களுக்கு மலேரியாக் காய்ச்சல் நாலாவது நாள். "நான் லொறி ஓடுவன், ஏறுங்கோ," என்று நீங்கள்தான் எல்லாரையும் ஏற்றினீர்கள். மேலே பிளேன் கண்டுவிடும் என்று படங்கை இழுத்துப் பின்பக்கம் முழுக்க மூடிக் கட்டினோம்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களால் கிளச்சை மிதிக்கவே ஏலாது என்று. கால் நடுங்கியது. மூன்று தரம் முயன்றீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். இடப்பக்கம் நகர்ந்தீர்கள். நான் சுற்றி வந்து வலப்பக்கத்தால் ஏறினேன். வயிற்றில் அன்ரன் ஐந்து மாதம்.

காட்டுப் பாதை, புழுதி, இரண்டு பக்கமும் பாலை மரங்கள். எனக்கு இன்றைக்கும் அது நடந்ததா, கண்ட கனவா என்று சந்தேகம் வரும். நீங்கள் கதவில் தலையைச் சாய்த்தபடி கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு... இப்ப மூண்டு... மெதுவா..." என்று முனகிக்கொண்டு வந்தீர்கள். ஆற்றைக் கடக்கும்போது பின்னால் பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. தண்ணீர் படிக்கட்டுவரை ஏறியது. எஞ்சின் நிற்கவில்லை. நான் அழவில்லை. அழுதால் பாதை தெரியாது.

காட்டுக்குள் நாங்கள் அடைக்கலம் தேடிப் போன மாதா கோயிலுக்குக் கிட்ட வந்ததும் மரநிழலில் நிறுத்தினேன். "நீங்கள் இஞ்சால வாங்கோ," என்று உங்களை ஸ்ரேறிங்கில் இருத்திவிட்டு நான் இடப்பக்கம் போனேன். ஏன் செய்தேன்? ஐந்து மாத வயிற்றோடு லொறி ஓட்டினாளாம் என்று உங்கள் அம்மா ஏசுவார் என்ற பயமா? என் மனிசன் ஏலாமல் கிடந்தான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்ற ரோசமா? கடைசிக் கொஞ்சத் தூரத்தை முதலாவது கியரில் நீங்கள் உருட்டினீர்கள். படங்கை அவிழ்த்ததும் சனம் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்து முத்தமிட்டது. நீங்கள் வாய் திறக்கப் போனீர்கள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

அன்றிலிருந்து சனத்தின் வாயில் உங்கள் பேர் 'நாற்பது உயிரைக் கொண்டுவந்த தாசன்'.

மொன்ட்ரியாலுக்கு வந்த பிறகு லொறியும் இல்லை, றோட்டும் இல்லை. மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில் இரண்டு அறை வீடு. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவி, பிறகு துணி ஆலையில் பெட்டி அடுக்கினீர்கள். ஆனால் பங்குத் திருவிழாவில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார். எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் எழும்பி வெளியே போய்விடுவீர்கள். "எவ்வளவு தாழ்மையான மனுசன்," என்பார்கள். ஒருமுறை பஸ் தரிப்பில் கேட்டீர்கள்: "பிலோ, நான் சொல்லட்டோ?" நான் வேண்டாம் என்றேன். சொல்லமாட்டேன் என்று வாக்குத் தந்தீர்கள். கோப்பை கழுவிய கைகளுக்கு அந்த ஒரு கதையாவது இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நான் உங்களுக்குக் கொடுத்தது மரியாதையா, பாரமா? உயிரோடு இருக்கும்போது ஒரு தரமாவது இதைக் கேட்டிருக்கலாம்.

உங்கள் அடக்கத்தன்று பாவிலு அண்ணை அதே கதையைச் சொல்லி அழுதார். அன்ரன் தலையை நிமிர்த்தி நின்றான். நான் நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். பச்சை லொறியின் சொந்தக்காரர் ஜில் என்ற வயதான பிரெஞ்சுக்காரர். இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வைக்கோல் ஏற்றிய லொறியாம், கப்பலில் இறக்கியிருக்கிறார். "பொன்ஜூர் மதாம்" என்று சொல்லி, ஏறி இருந்து பார்க்கச் சொன்னார். நான் நேரே வலப்பக்கம் போய் ஏறினேன். அவர் அன்ரனிடம் ஏதோ கேட்க, அவன் சிரித்தான்.

"அம்மா, நீங்கள் ஓடுவீங்களோ எண்டு கேக்கிறார். கார் லைசென்சே இல்லை எண்டு சொன்னன்."

அந்தக் கிழவர் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கால் என்னைக் கேட்காமலே கிளச்சை மிதித்து, விட்டு, திரும்ப மிதித்தது. அவர் லொறியின் திறப்பை என் கையில் வைத்துவிட்டு மற்றப் பக்கத்தால் ஏறினார்.

பின்னால் வெறும் புல்வெளி இருந்தது. ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. மூன்றாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல விழுந்தது. ஜில் கைதட்டினார். கண்ணாடிக்கு வெளியே ஆறும் ஆகாயமும் மெல்ல மெல்லச் சுழன்றன. அன்ரன் பக்கத்தில் நடந்து, பிறகு ஓடி, பிறகு நின்றுவிட்டான்.

இறங்கியதும் கேட்டான்: "ஆர் பழக்கினது?"

"அப்பா."

என் முகத்தையே பார்த்தான். "அம்மா, அண்டைக்கு... அந்த லொறியை ஓட்டினது ஆர்?"

புல்லில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் கறுத்தது. "அப்ப அப்பா எனக்குப் பொய்தான் சொன்னவரோ?"

"நல்லா யோசிச்சுப் பார். தான் ஓட்டினதெண்டு அவர் உனக்கு எப்பவாவது சொன்னவரே?"

அவன் யோசித்தான். "இல்லை," என்றான். பிறகு சொன்னான்: "ஆஸ்பத்திரியில கடைசிக் கிழமை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'அண்டைக்கு என்னையும்தானடா ஏத்திக்கொண்டு வந்தது' எண்டார். மாதா கொண்டுவந்தது எண்டு சொல்லுறார் எண்டு நினைச்சன். மருந்து மயக்கம் எண்டு நினைச்சன்."

நான் புல்லில் முகத்தைப் புதைத்து அழுதேன். எனக்குக் கொடுத்த வாக்கையும் மீறாமல், பிள்ளைக்குப் பொய்யும் சொல்லாமல் போயிருக்கிறீர்கள். இப்படி ஒரு வழியை எங்கே தேடிப் பிடித்தீர்கள்?

ஞாயிறு காலை பாவிலு அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் சொன்னார்: "தங்கச்சி, படங்குக்குள்ள இருந்து கேட்டனான். தாசன் மூண்டு போட்டால் கத்தும். அண்டைக்குக் கத்தேல்லை. காய்ச்சல்காரன் இண்டைக்கு நல்லா ஓடுறான் எண்டு நினைச்சன், மடையன் நான்." இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் கேட்டார்: "அப்ப இவ்வளவு காலமும் பிழையான ஆளுக்கே நன்றி சொன்னனான்?" இல்லை என்றேன். ஓட்ட முடியாத காய்ச்சலோடு எல்லாரையும் ஏறச் சொன்னது நீங்கள். நீங்கள் ஏற்றியிராவிட்டால் நான் யாரைக் கொண்டுபோயிருப்பேன்?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கல்லறைக்கு அன்ரன்தான் என்னைக் கூட்டிவருகிறான். பாவம், வேலைக்கு நேரமாகிவிடும், காரைப் பூட்டாமல் நிற்பான். அவன் நிற்க என்னால் உங்களோடு மனம்விட்டுக் கதைக்க முடிவதில்லை. பூவை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இனி அப்படி இல்லை. லைசென்ஸ் எடுக்கப் பேர் கொடுத்துவிட்டேன். பழக்குகிற பெண்பிள்ளை பிரெஞ்சில்தான் கதைக்கிறாள், விளங்குகிறது. இலை உதிர முதல் நானே ஓட்டிக்கொண்டு வருவேன், தனியே. வந்து, போக மனம் வரும்வரை உங்கள் பக்கத்தில் இருப்பேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
அன்ரனின் அம்மா,
பிலோமினா