தளபதியான தம்பிக்கு

என் விரல் பிடித்து நடை பழகிய தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுத மனம் வரவில்லை. தளபதி என்று நான் உன்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இனியும் கூப்பிட மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் அகதியாக வந்து சேர்ந்த இந்த வெளிநாட்டு ஊரில், ரெய்னர்ஸ் லேனில் உனக்கு நினைவுக்கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன் கூட்டம் நடத்துபவர் மோர்டனில் என் வீட்டுக்கு வந்திருந்தார். "அக்கா, தளபதியின்ரை இரத்த உறவெண்டு இஞ்சை நீங்கள்தான் இருக்கிறியள். முதல் விளக்கை நீங்கள்தான் ஏத்த வேணும்."

"ஓம், வாறன்" என்றேன்.

உன்னை இயக்கத்துக்குள் எடுத்தவர் என் கணவர் குலேந்திரன். உன் கூட்டாளியை ஆமி சுட்ட பிறகு நீ வெறிபிடித்து அலைந்தாய். "என்னோடை நிக்கட்டும், கண்ணுக்கு முன்னாலை இருப்பான்" என்று அவர்தான் சொன்னார். அவர் பொறுப்பாளர். நீ அவருக்கு வான் ஓட்டினாய். இயக்கத்தின் தலைவர் ஷெல்லடியில் செத்தபோது, அடுத்த தலைவர் குலேந்திரன் அண்ணைதான் என்று பெடியள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் சமைத்துக்கொண்டிருக்க, எங்கள் குசினி வாசலில் நின்று நீயும்தான் சொன்னாய். அப்போதே முடிவெடுத்துவிட்டாயா?

அடுத்த கிழமை காலையில் வானோடு வந்தாய். "அக்கா, அத்தானோடை கொஞ்சம் கதைக்க வேணும். மத்தியானம் கொண்டுவந்து விடுறன்." அவர் சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே உன் பின்னால் வந்தார்.

மத்தியானம் நீ மட்டும் வந்தாய். தோளில் துவக்குகளோடு சில பெடியள் உன் பின்னால் நின்றார்கள்.

"அத்தான் ஆமியோடை தொடர்பு வைச்சிருந்தவர். இயக்கம் முடிவெடுத்திட்டுது."

"இயக்கமெண்டால் ஆர்?"

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப நான்தான்" என்றாய்.

அன்று பின்னேரமே சந்தி மதிலில் அவரைத் துரோகி என்று எழுதினீர்கள். உனக்குப் பயந்து அயலில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. செத்தவீடு செய்ய உடலும் இல்லை. எங்கே புதைத்தாய்? மகளை வயிற்றில் சுமந்துகொண்டு நான் நாட்டைவிட்டு வந்தேன். உன்னை எதிர்த்துக் கேட்கக்கூடிய மற்றவர்களையும் நீ விட்டுவைக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். கடைசியில் ஆமி உன்னைக் கொன்ற செய்தி வந்தபோது நான் அழவில்லை.

மண்டபத்தில் உன் படத்துக்குப் பெரிய மாலை. நெருப்புப்பெட்டியைத் தந்தார்கள். நான் மைக்கை வாங்கினேன்.

"என்ரை மனிசன் குலேந்திரனைக் கூட்டிக்கொண்டு போய்க் கொலை செய்தவன் இவன். என்ரை தம்பிதான். இவனுக்கு நான் விளக்கு ஏத்த ஏலாது."

மைக்கைப் பறித்தார்கள். "துரோகியின்ரை பெண்சாதி, வெளியிலை போ!" என்று ஒருவன் கத்தினான். தகப்பனைப் படத்தில் மட்டுமே கண்ட என் மகள் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "வாங்கோ அம்மா, போவம்."

பஸ் நிறுத்தத்தில் நரைத்த மனிதர் ஒருவர் பின்னால் ஓடி வந்தார். அன்று உன்னோடு துவக்குப் பிடித்து நின்றவர்களில் ஒருவராம்.

"அக்கா, குலேந்திரன் அண்ணைக்கு ஒண்டுமே தெரியாது. வானாலை இறங்கி, 'சாப்பிட்டியாடா?' எண்டு உங்கடை தம்பியைத்தான் கேட்டவர். கேட்டு முடியேக்கை தம்பி சுட்டிட்டார்" என்று சொல்லி, றோட்டிலேயே விம்மி அழுதார்.

அந்தக் கேள்விக்கு நீ என்ன பதில் வைத்திருந்தாய்?

இனி இந்த ஊரில் எங்கே உனக்கு மாலை போட்டாலும் நான் வருவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லுவேன். எனக்குப் பிறகு என் மகள் சொல்லுவாள்.

உன் அக்கா,
குலேந்திரன் மனைவி.