பெரியப்பா வாங்கிய விருது

அன்பு மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. குழந்தைக்கு இருமல் நின்றதா என்று தெரிவி, இரண்டு நாளைக்கு ஒரு மருந்தாக மாற்றாதே. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான். பெரியப்பா உன்னைக் கூப்பிட்டு, அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொல்லி அழாத குறையாகக் கேட்டாராமே. அவர் உனக்குச் சொன்னது பாதி. மீதியை வரிசையாகச் சொல்கிறேன்.

தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த குப்பைமேடு உனக்கு மறந்திருக்காது, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாய். அதை உரக்கிடங்காக மாற்றியது உன் அம்மாவும் அவளோடு சேர்ந்த நான்கு பெண்களும். வீடு வீடாகப் போய் ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கெஞ்சினார்கள், திட்டு வாங்கினார்கள், சில வாசல்களில் திட்டிவிட்டும் வந்தார்கள். காய்கறித் தோல் ஒரு அடுக்கு, காய்ந்த இலை ஒரு அடுக்கு என்று போட்டு, மண்வெட்டியால் புரட்டி, நனைத்த சாக்கால் மூடி, வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பக்கம் வாடையே கிடையாது. சுற்றுச்சூழலுக்காக முன்நின்று உழைத்தவர்களுக்கு விருது தரப்போவதாகவும், தெருச் சங்கங்கள் தகுதியானவர் பெயரை அனுப்பலாம் என்றும் நகராட்சி அறிவித்தது. நம் சங்கத் தலைவர் உன் பெரியப்பா. அவரும் அனுப்பினார், தன் பெயரை.

அது எங்களுக்குத் தெரியாது. "விழா நம்ம மண்டபத்துலதான். நீங்க டீயைப் பாத்துக்குங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மேடை ஏற வேண்டியிருக்கும் என்று நம்பி, அம்மா அன்று காலையில் நகக்கண்ணில் இருந்த கறுப்பை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாலையில் அவரை அழைத்துக் கேடயத்தைக் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அவர் பேசியதை அப்படியே தருகிறேன்: "தினமும் காலையில இந்த ரெண்டு கையாலதான் குப்பையைக் கிளறுறேன். யார் வீட்டுக் குப்பையா இருந்தாலும் என் வாசலுக்குக் கொண்டு வாங்க, நான் பொன்னாக்கித் தர்றேன்." கடைசியில், டீ ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும் நன்றி என்றார். அம்மா அப்போது தட்டும் கையுமாகக் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் உட்கார்ந்து செய்தி எழுதினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பத்திரிகையின் பகுதிப் பக்கத்துக்கு இன்னும் எழுதுவது உனக்குத் தெரியும். கிண்டல் ஒன்றும் சேர்க்கவில்லை, அவர் பேச்சை ஒரு சொல் மாற்றாமல் போட்டேன். வாசல் என்றாரே, எந்த வாசல் என்று வாசகர் அலையக் கூடாது என்று விலாசத்தையும் போட்டேன். செய்தி வந்த காலையில் அம்மா கிடங்குச் சாவியை அவர் வீட்டில் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுத்து, "இனிமே நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மற்ற நால்வரும் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டார்கள்.

அவர் வாசலுக்கு முதலில் நம் தெரு வாளிகள் வந்தன, அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்டோவில் வந்தது. பழச்சாறு கடைக்காரர் மூட்டை மூட்டையாகத் தோலை இறக்கினார். மீன்காரர் செதில் கூடையை வைத்துவிட்டு, "தலைவரே, பொன்னு எப்ப ரெடியாகும், வீட்டுல கேக்கறாங்க" என்றாராம். பெரியப்பா எல்லாவற்றையும் வாசலிலேயே ஒரே குவியலாகக் கொட்டினார். காய்ந்த இலை போட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. குவியல் கூழாகிப் புழு நெளிகிறது. பெரியம்மா மூன்றாம் நாளே தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

நேற்று முன்தினம் பெரியப்பா இங்கே வந்தார். "டேய், மறுப்பு போடுடா" என்றார். எந்த வரி தப்பு அண்ணா, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, அதே இடத்தில் அதே அளவில் போடுகிறேன் என்றேன். பேனாவை வாங்கினார், மூடியைத் திறந்தார், மூடினார். "குடும்ப விஷயத்தை ஊருக்குக் கொண்டுபோறியேடா" என்றார். மைக்கைப் பிடித்தது நான் இல்லையே என்றேன். அந்த நேரம் பார்த்து அம்மா, அன்றைக்கு மண்டபத்தில் வைத்திருந்த அதே தட்டில் ஒரு டீயோடு வந்து, "டீ ஏற்பாடு செஞ்ச சகோதரி வந்திருக்கேன், எடுத்துக்குங்க" என்றாள். அவர் எடுக்கவில்லை. அவளுக்குக் கேடயம் வேண்டாமாம், என்னுடைய மறுப்பும் வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், அதே ஒலிபெருக்கியில், ஐந்து பெண்களின் பெயரையும் அவர் வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் சாவியை வாங்கிக்கொள்வாளாம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறிய டீயை வெளியில் கொட்டிவிட்டு, தேயிலைச் சக்கையை ஈரக் குப்பை வாளியில் தட்டி, "காலையில மறக்காம அவர் வாசல்ல வச்சிடுங்க" என்றாள். வைத்துவிட்டேன்.

நாற்றம் அவர் வீட்டோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறக்க முடியாமல் கிடக்கிறாள், அவள் என்ன பாவம் செய்தாள் என்று அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்குக் கை தட்டினாளே" என்றாள்.

ஆகவே சமாதானம் பேசுவதை விட்டுவிடு. தெரு வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவின் படத்துக்குக் கீழே நீ மூன்று கைதட்டல் போட்டிருக்கிறாயே, அம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை அழித்துவிட்டு அவளுக்குப் போன் செய், பெரியப்பா பேச்சை எடுக்காதே. கூட்டத்தில் நான் முன்வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன், அவர் நான்கு பெயரோடு நிறுத்தினால் நான்கு என்றுதான் எழுதுவேன். நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். குழந்தைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா